சர்க்கரை சேர்க்காத மசியல்

யப்லோனுவ்கா
1994 டிசம்பர் 27

அன்புத் தங்கை லுட்மிலாவுக்கு,

முதல் வரியிலேயே இயேசுவுக்குத் தோத்திரம். நான் சுகமா இருக்கேன், முழங்கால் மட்டும் வழக்கம்போல முனகுது. உன் இருமல் நின்னுச்சா? பாதாம் போட்ட கேக் வந்து சேந்துச்சு, பாதி நான் தின்னேன், பாதி பக்கத்து வீட்டு ஸ்டெஃபா தின்னா.

இனிமே எழுதறதை உக்காந்து படி. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், முதல் நட்சத்திரம் தெரிஞ்சதும் மேசைக்கு வெள்ளைத் துணி விரிச்சு, எனக்கு ஒரு தட்டு, வழிப்போக்கனுக்கு ஒரு தட்டு வச்சேன். வருஷா வருஷம் எல்லா வீட்லயும் வைக்கறதுதானே. எங்க வீட்ல அந்தத் தட்டுல இதுவரைக்கும் யார் வந்து சாப்ட்டிருக்கா? கை பழகிப்போச்சு, வச்சேன். அப்பத்தான் கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. திறந்தா என் புருஷன் செனோன் நிக்கறான்.

ஆமா, அவனேதான். எங்க பிள்ளை யூரெக் காய்ச்சல்ல கிடந்தப்ப, பனியில டாக்டரைக் கூட்டிட்டு வரேன்னு டிராக்டரை எடுத்துட்டுப் போய், வழியில அந்த ரெகீனா வீட்ல இறங்கினவன். பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்திருக்கான். டாக்டர் இல்லாமத்தான் வந்தான்.

கதவைச் சாத்தத்தான் கை போச்சு. ஆனா மேசையில தட்டு இருக்கு. அன்னைக்கு வாசலுக்கு வந்தவன் நாயா இருந்தாலும் உள்ள விடணும், அவனுக்கும் அது தெரியும், தெரிஞ்சுதான் அந்த நாளைப் பாத்து வந்திருக்கான். உக்காந்தான். ஒருத்தரையொருத்தர் மன்னிச்சு உடைச்சுத் திங்கற பண்டிகை அப்பத்தை என்கிட்ட நீட்டினான். நான் உடைக்கல. அப்படியே நீட்டிட்டு இருந்துட்டு, தானே கீழ வச்சான்.

புண் வந்து வயித்துல முக்காவாசியை வெட்டி எடுத்துட்டாங்களாம். ரெகீனா ஜெர்மனியில இருக்கற மககிட்டப் போயிட்டாளாம், நோயாளியைச் சுமக்க அவளுக்கு என்ன தலையெழுத்து. கெண்டை மீனையும் கொழுக்கட்டையையும் பாத்துட்டு, இதெல்லாம் ஆகாது, குழைவா மட்டும்தான் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்னான். நிலவறைக்குப் போய் ஒரு ஜாடி ஆப்பிள் மசியல் எடுத்துட்டு வந்து வச்சேன். அந்தப் புளிப்பு அன்டோனுவ்கா ஆப்பிள்ல பண்ணது, சர்க்கரை போடாதது. முழுசும் தின்னான். ஒரு ராத்திரி தங்கிக்கவான்னு கேட்டான். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில படுத்துக்கன்னு சொன்னேன். இன்னும் இருக்கான்.

நீ ஆஸ்பத்திரியில யாருக்கு என்ன சாப்பாடுன்னு முடிவு பண்றவ. எனக்கு ஒண்ணு தெளிவா எழுது. இந்த மசியல் யாருக்கெல்லாம் ஆகும், யாருக்கு ஆகாது? அதுல சத்து என்ன இருக்கு? சின்னப் பசங்களுக்கு வயித்தால போனா குடுக்கலாமா?

மத்தபடி விசேஷம் இல்ல. பனி முழங்கால் வரைக்கும் கிடக்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு.

உன் அக்கா
வெரோனிகா

லூப்ளின்
1995 ஜனவரி 8

அன்பு அக்காவுக்கு,

என்றைக்கும் அவருக்கே தோத்திரம். இருமல் நின்றது, தொண்டை இன்னும் கரகரக்கிறது. உன் கடிதத்தை நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். படித்துவிட்டு எழுந்து சமையலறையை நாலு தடவை சுற்றி வந்தேன்.

உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒரு வேளைச் சோறு போடுவது வழக்கம், சரி. வழக்கம் விடியற்காலையோடு முடிந்தது. பால் வண்டி வரும்போது ஏற்றி அனுப்பியிருக்க வேண்டாமா? அந்த மனுஷனை நான் ஒரு காலத்தில் அத்தான் என்று கூப்பிட்டேன், நினைத்தால் நாக்கு கூசுகிறது. அவனுக்கு எது ஆகும், எது ஆகாது என்று மட்டும் என்னைக் கேட்காதே.

மசியலைப் பற்றிக் கேட்டாய், அது வேறு விஷயம், அதற்குச் சொல்கிறேன். தோல் சீவி, விதை நீக்கி, கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, சல்லடையில் தேய்த்தெடுத்தது, சர்க்கரை சேர்க்காதது என்றால் நூறு கிராமில் நாற்பது கலோரிக்குச் சற்று மேலே. கொழுப்பு இல்லை, உப்பு இல்லை. இதய நோயாளிகளுக்கு கேக் சுடும்போது வெண்ணெயைப் பாதியாகக் குறைத்து இதைத்தான் சேர்க்கச் சொல்கிறேன், ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மற்றப் பழங்களைப் பயந்து பயந்து கொடுப்போம், இதைத் தைரியமாகக் கொடுக்கலாம். கோதுமை ஆகாதவர்கள், பால் ஆகாதவர்கள், பல் போனவர்கள் எல்லோருக்கும் சரி. சர்க்கரை நோயாளிக்கு மட்டும் அரைக் கிண்ணத்தோடு நிறுத்துவேன். அவர்கள் ஆப்பிளைத் தோலோடு கடித்துத் தின்பதே நல்லது, மசித்துவிட்டால் ரத்தத்தில் சீக்கிரம் ஏறிவிடும்.

சின்னப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கென்றால், வீட்டில் கொடுக்கக்கூடியதில் இதைவிட நல்லது அதிகம் இல்லை. ஆப்பிளில் பெக்டின் என்று ஒரு பசை இருக்கிறது, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் காய்ச்சலும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றிவிட்டால் எந்தச் சாப்பாட்டாலும் ஆகாது. நரம்பில்தான் ஏற்ற வேண்டும், அதற்கு டாக்டர் வேண்டும்.

அக்கா, இதை ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். யூரெக்குக்கு நீ கொடுத்தது சரியான சாப்பாடுதான்.

முழங்காலுக்குக் களிம்பு அனுப்புகிறேன். அவனை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

உன் தங்கை
லுட்மிலா

யப்லோனுவ்கா
1995 ஜனவரி 22

அன்புத் தங்கைக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். களிம்பு வந்துச்சு, முழங்காலுக்கு நல்லாக் கேக்குது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சுகம் உண்டாகட்டும்.

உன் கடிதத்துல யூரெக்கைப் பத்தி எழுதின வரியை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. அப்பக் குடுத்தது சரிதான். பதினஞ்சு வருஷமா நான் தூங்கப் போறப்பல்லாம் எனக்குள்ள கேட்டுக்கிட்டிருந்த ஒரே கேள்வி இது, லுட்மி. அந்த மசியல்தான் பிள்ளையைக் கொன்னுச்சோ, நான் வேற ஏதாச்சும் குடுத்திருக்கணுமோன்னு. இல்லன்னு படிச்சவ நீ எழுதிட்ட. அப்ப குறை என் கையில இல்ல, வராத டாக்டர்கிட்டத்தான். டாக்டர் வராததுக்கு யார் காரணம்ங்கறதை எழுதித் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

அவன் இன்னும் இங்கதான் இருக்கான். அதுல ஒரு கூத்து கேளு. ஊர்ல நான் புனிதை ஆயிட்டேன். புருஷன் பண்ண அநியாயத்தை மறந்து, தினம் தினம் கையால மசியல் பண்ணி ஊட்டறாளே, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்னு ஸ்டெஃபா ஊர் முழுக்கச் சொல்லிட்டு வரா. போன ஞாயித்துக்கிழமை பங்குச் சாமியார் பிரசங்க மேடையில நின்னு, மன்னிப்புன்னா என்னன்னு தெரியணும்னா ஆப்பிள் தோட்டத்துப் பக்கம் போய்ப் பாருங்கன்னார். பேர் சொல்லல, ஆனா கோயில்ல இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்புச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல ஜெபப் புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டிருந்தேன்.

அவன் பேசறதில்ல. காலையில, மத்தியானம், சாயங்காலம் கிண்ணத்தை வைக்கறேன். கை நடுங்குதுன்னு நானே கரண்டியால ஊட்டறேன். தின்னு முடிச்சதும், கடவுள் உனக்குப் பலன் குடுப்பார்ங்கறான். அவ்வளவுதான்.

ஸ்டெஃபா ஒண்ணு கேக்கச் சொன்னா. ஒரு ஆள் மசியல் மட்டுமே சாப்ட்டுட்டு இருந்தா உடம்புக்கு என்ன ஆகும்?

உன் அக்கா
வெரோனிகா

லூப்ளின்
1995 பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் புனித வெரோனிகாவின் படத்தை எங்கே மாட்டலாம் என்று சுவரில் இடம் பார்க்கிறார்.

அவனை நீ அனுப்பவில்லை. நானும் வாதாடிப் பார்த்துவிட்டேன். ஒருவேளை சாமியார் சொல்வது சரிதானோ என்னவோ. உன்னைப் போல் எனக்கு மனசு வராது.

ஸ்டெஃபாவிடம் அதைச் செய்ய வேண்டாம் என்று சொல். இளைக்கிறேன் பேர்வழி என்று இங்கே ஒரு வக்கீலின் மனைவி மசியல் மட்டுமே தின்று, கடையில் வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். மசியல் துணைக்கு வைத்துக்கொள்ளும் சாப்பாடு, ஆளைத் தாங்கும் சாப்பாடு இல்லை. அதில் புரதம் இல்லையென்றே வைத்துக்கொள். அரைக் கிலோ தின்றாலும் ஒரு முட்டையில் இருப்பதில் கால் பங்கு வராது. இரும்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை. வேகவைப்பதால் வைட்டமின் சியும் பெரும்பாலும் போய்விடும்.

முதலில் களைப்பு வரும். பிறகு குளிர் தாங்காது, அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத் தோன்றும். காயம் இருந்தால் ஆறாது. அப்புறம் பாதம் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு இதயம் தளரும். ஸ்டெஃபா நல்ல தாட்டியான ஆள்தானே, அவளுக்கு ஏன் இந்த யோசனை வந்தது?

நீ என்ன சமைக்கிறாய் என்று எழுதவில்லை. மசியலைத் தவிர அவனுக்கு வேறென்ன கொடுக்கிறாய்?

உன் தங்கை
லுட்மிலா

யப்லோனுவ்கா
1995 பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

தோத்திரம். நான் நல்லா இருக்கேன். குளிர் கொஞ்சம் விட்டிருக்கு, கிளை கழிக்கற வேலை ஆரம்பிச்சாச்சு. வடக்கு வரிசையில முயல் பட்டையைக் கடிச்சிருக்கு, ரெண்டு கன்னு போச்சு.

ஸ்டெஃபா கோழி சூப் கொண்டாந்தா. நல்ல வாசனை. டாக்டர் குழைவானது மட்டும்னு சொல்லியிருக்கார்னு சொல்லி வாங்கி வச்சு, அவ போனதும் நான் குடிச்சேன். ஞாயித்துக்கிழமை மட்டும் அவனுக்கு ஒரு துண்டு ரொட்டியைத் தேத்தண்ணில நனைச்சுக் குடுக்கறேன். வேற எதுவும் குடுக்கறதில்லையான்னு சாமியார் கேட்டா, குடுக்கறேனேன்னு பொய் இல்லாம சொல்லணும் பாரு.

நிலவறையில ஜாடிக்குப் பஞ்சம் இல்ல. போன வருஷம் அன்டோனுவ்கா ஒரு கிளை தாங்காம காய்ச்சுது.

யூரெக்குக்குக் கடைசியா நான் ஊட்டினதும் அந்த மரத்து மசியல்தான். நீ அப்ப லூப்ளின்ல பரீட்சை எழுதிட்டிருந்த, அப்ப அவன் என்ன கேட்டான்னு உனக்குச் சொன்னதில்ல. ஒரு கரண்டி தின்னுட்டு, அப்பா டிராக்டர் சத்தம் கேக்குதான்னு கேப்பான். அடுத்த கரண்டி. திரும்பக் கேப்பான். கேக்குது, பக்கத்துல வந்துட்டாருன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

இப்ப இவன் அடுப்புப் பக்கத்துல போர்வையைச் சுத்திட்டு உக்காந்திருக்கான். நீ எழுதினது சரியா இருக்கு. ஒரு விவரம் மட்டும் வேணும். பாதம் வீங்கறது விரல்ல ஆரம்பிக்குமா, கணுக்கால்லயா?

அக்கா

லூப்ளின்
1995 பிப்ரவரி 20

அக்கா,

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்.

உடனே நிறுத்து. வயிறு வெட்டியவனுக்கு மற்றவர்களைவிட அதிகப் புரதம் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை. குழைய வேகவைத்த முட்டை. பாலாடைக் கட்டியைத் தயிரில் கரைத்து. கோழியை வேகவைத்து இரண்டு தடவை அரைத்து. இதெல்லாமும் குழைவானதுதான், டாக்டர் சொன்னதற்குள்தான் வருகிறது. பால் மாவு பார்சலில் அனுப்புகிறேன், கரைத்துக் கொடு.

அவன் செய்ததற்கு மன்னிப்பு இல்லை. நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதியதை வைத்து நீ இதைச் செய்தால் என் கையும் அந்தக் கரண்டியில் இருக்கிறது. நாளைக்கு எந்த முகத்தோடு நான் நோயாளிகளின் தட்டைப் பார்ப்பது?

கெஞ்சிக் கேட்கிறேன். பதில் போடு.

லுட்மிலா

யப்லோனுவ்கா
1995 மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

தோத்திரம். சுகம். நீ சுகமான்னு கேக்க மறக்கல, உன் கடிதத்தைப் பாத்தா சுகமா இல்லன்னு தெரியுது. பதில் போடல்லன்னு கோவிச்சுக்காத. கிளை கழிச்சு முடிக்க நேரமாச்சு.

பால் மாவு வந்துச்சு. ஸ்டெஃபாவோட கன்னுக்குட்டி நல்லாத் தேறிடுச்சு.

கணுக்கால்லதான் ஆரம்பிச்சுது. புதன்கிழமை செருப்பு நுழையலன்னான். விரலை வச்சு அழுத்திப் பாத்தேன். குழி அப்படியே நின்னுச்சு.

இதுல சந்தோஷம் வரும்னு நெனச்சேன். மறைக்காம எழுதறேன், வந்துச்சு. ஆனா நெனச்ச அளவுக்கு வரல. ஏன்னா அவன் எதையும் கேக்கறதில்ல. ஒரு துண்டு ரொட்டி குடுன்னு கேட்டானா? நான் சூப் குடிச்ச வாசனை அந்த அறைக்குப் போயிருக்கும், மூக்கு இல்லையா அவனுக்கு? கேக்கட்டும்னு காத்துட்டு இருக்கேன். கேட்டா அப்ப இருக்கு அவனுக்கு. டாக்டரைக் கூட்டிட்டு வரேன் பொறுன்னு சொல்லிட்டுத் தோட்டத்துக்குப் போயிடுவேன். அந்த வார்த்தையைச் சொல்லணும்னு நான் எத்தனை வருஷமா வாயில வச்சிட்டு இருக்கேன் தெரியுமா. அவன் அதுக்கு வழியே விட மாட்டேங்கறான். வாயைத் திறக்கறான், முழுங்கறான், கடவுள் பலன் குடுப்பார்ங்கறான்.

அதோட பிள்ளை பேரை அவன் ஒரு தடவைகூடச் சொல்லல. வந்து இத்தனை நாள் ஆச்சு. கல்லறைக்கு வழி எங்கன்னுகூடக் கேக்கல. பெத்தவன்தானே லுட்மி, அந்தப் பேர் வாயில வராதா?

உன் கை கரண்டியில இல்ல. நான் ஒருத்திதான் பிடிச்சிருக்கேன். நீ நிம்மதியா இரு.

அக்கா

லூப்ளின்
1995 மார்ச் 18

அக்கா,

வருகிற சனிக்கிழமை, மாதா மங்கள வார்த்தைத் திருநாள் அன்று, ஆஸ்பத்திரி வண்டியில் வருகிறேன். அவனை இங்கே கூட்டிவந்து சேர்க்கப்போகிறேன். கட்டிலுக்குச் சொல்லியாகிவிட்டது. நீ என் முகத்தில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அதுவரை ஒரு முட்டையாவது கொடு.

லுட்மிலா

லூப்ளின்
1995 மார்ச் 29

அன்பு அக்காவுக்கு,

தோத்திரம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வெறும் வண்டியோடுதான் வந்தேன் என்பது உனக்கே தெரியும். நீ சண்டை போடுவாய் என்று வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நீயோ, தாராளமாக் கூட்டிட்டுப் போ என்று கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாய். நீ திரும்பி வந்தபோது, அவன் வர மாட்டேன் என்கிறான் என்று மட்டும் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நாலு நாளாகச் சுமந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நீ தோட்டத்தில் இருந்தபோது நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குக் கொடுப்பது சாப்பாடு இல்லை, இப்படியே போனால் உயிர்த்த ஞாயிறைப் பார்க்க மாட்டீர்கள் என்றேன். தெரியும் என்றான். வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். அவனை வெட்டிய டாக்டர் முட்டை, கோழி எல்லாம் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். உன்னிடம் குழைவானது என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியை வேண்டுமென்றே மறைத்திருக்கிறான்.

ஏன் என்று கேட்டேன். அவன் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"அன்னைக்கு நான் டாக்டர் வீட்டு வாசலுக்கே போகல லுட்மிலா. குளிருக்கு ஒரு டம்ளர் டீ குடிச்சுட்டுப் போலாம்னு ரெகீனா வீட்ல இறங்கினேன். வெளிய வந்தா டிராக்டர் பனியில புதைஞ்சிருந்துச்சு. நடந்து போயிருக்கலாம். நடக்கல. கதகதப்பா இருந்துச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு உக்காந்துட்டேன்."

நான் எழுந்து அவன் கோட்டை எடுத்தேன். அப்போதுதான் இதைச் சொன்னான்.

"அவ பக்கத்துல உக்காந்து கரண்டி கரண்டியா ஊட்டறப்ப, யூரெக்குக்கு எப்படி ஊட்டியிருப்பான்னு பாக்கறேன். பாக்க வேண்டிய நேரத்துல நான் அங்க இல்ல. இப்பக் கடைசி வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன். அவளுக்குக் கணக்கு தீரும், எனக்கும் தீரும். என்னைக் கூட்டிட்டுப் போகாத."

பேரை உன் முன்னால் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். அவ முன்னாடி அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வாய் ஏது என்றான்.

அவனே வர மறுத்தபிறகு ஓட்டுநரை வைத்துத் தூக்கி வந்திருக்கலாம். தூக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வண்டியில் ஏறிக்கொண்டேன். இவ்வளவு நாளும் உன்னை நான் கெஞ்சினேன், பயமுறுத்தினேன், பால் மாவு அனுப்பினேன். ஒன்றும் பலிக்கவில்லை. உன்னை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் அக்கா. அதனால்தான் இதைச் சொல்கிறேன். அவனுக்கு நீ கொடுப்பது தண்டனை இல்லை. அவன் கேட்டு வந்ததைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் தங்கை
லுட்மிலா

யப்லோனுவ்கா
1995 ஏப்ரல் 17
உயிர்ப்புத் திங்கள்

லுட்மி,

இயேசு உயிர்த்தெழுந்தார். உனக்கும் மாப்பிள்ளைக்கும் வாழ்த்து. இவ்வளவு நாள் எழுதாதது கோவத்துலதான், உன்மேல இல்ல.

உன் கடிதத்தைப் படிச்ச அன்னைக்கு நான் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிட்டேன். நிலவறையில இருந்த ஜாடியெல்லாம் கொண்டாந்து பன்னித் தொட்டியில கொட்டினேன். ஸ்டெஃபா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சிலுவை போட்டுக்கிட்டா. திருடன் லுட்மி அவன். டிராக்டரை எடுத்துட்டுப் போனான், என் வயசை எடுத்துட்டுப் போனான், கடைசியில இதையும் திருடப் பாத்திருக்கான். நான் தண்டிச்சிட்டு இருக்கேன்னு நெனச்சேன். அவன் என் கரண்டியில பாவமன்னிப்பு வாங்கித் தின்னுட்டு இருந்திருக்கான். நான் ஊட்ட ஊட்ட, அவன் கடன் கழிஞ்சிட்டே வந்திருக்கு. இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா நிம்மதியாக் கண்ணை மூடியிருப்பான். சாமியாரும் நல்ல மரணம்னு பூசை வச்சிருப்பார்.

அன்னைக்கே முட்டை வேகவச்சேன். குழைச்சுக் கொண்டு போனேன். பாத்ததும் புரிஞ்சுக்கிட்டான். பல்லை இறுக்கிக்கிட்டு, மசியல் குடு வெரோனிகா, அது போதும்னான். வந்ததுலேர்ந்து அவன் என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். நான் மூக்கைப் பிடிச்சேன். மூச்சு விட வாயைத் திறக்கணும்ல, திறந்தான். "சாகறதுக்கெல்லாம் இந்த வீட்ல இடம் கிடையாது"ன்னு சொன்னேன். ஸ்டெஃபாவைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். அவ அழுதுக்கிட்டே பிடிச்சா, இப்பவும் என்னைப் புனிதைன்னுதான் நெனைக்கறா.

நீ எழுதினபடி ஆறு வேளை. முதல்ல துளித் துளியா, வாந்தி எடுக்காம. பாலாடைக் கட்டி, அரைச்ச கோழி. தவக்காலத்துல கோழியான்னு யோசிச்சேன், நோயாளிக்கு விலக்கு உண்டுன்னு சாமியாரே சொல்லிட்டார். நேத்து காலையில உயிர்ப்புத் திருநாளுக்குக் கோயில்ல மந்திரிச்ச முட்டையைக் கொண்டு போனப்ப கால் வீக்கம் பாதிக்கு மேல வத்தியிருந்துச்சு. கோடாலியைத் தூக்க மாட்டான், ஆனா கதவு வரைக்கும் நடக்கறான். முட்டையை உடைச்சு ஒரு துண்டை அவன் வாய்கிட்டக் கொண்டு போனேன். அப்பத்தான் சொன்னான். யூரெக், என்னை மன்னிச்சுடுடான்னு. என்னைப் பாத்துச் சொல்லல, சுவத்தைப் பாத்துச் சொன்னான்.

எத்தனை வருஷமாக் காத்திருந்த பேர். நான் கட்டில்மேல உக்காந்துட்டேன். அழுதேன், மறைக்கல. ஆனா மனசு இறங்கல லுட்மி. என்கிட்ட எதையும் எதிர்பாக்காத. கண்ணைத் துடைச்சுட்டு அவன்கிட்டச் சொன்னேன், "இங்க சொன்னா யாருக்குக் கேக்கும்? நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு உன் கால்லயே நடந்து வா. ஊர் முழுக்க அங்க நிக்கும். பிள்ளையோட கல்லுல விளக்கேத்தி, டாக்டர் வீட்டுக்கு ஏன் போகலன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. இந்த வருஷம் சொல்லு. அடுத்த வருஷமும் சொல்லு. அதுக்கடுத்த வருஷமும். நான் உன்னைச் சாக விட மாட்டேன்."

பசிக்குப் பயப்படாதவன் இதுக்குப் பயந்துட்டான்.

அதனால எனக்கு இப்ப உன் உதவி வேணும். இனிமே மசியல் பத்திக் கேக்க மாட்டேன். வயிறு வெட்டின ஒரு ஆள், அறுபத்திரண்டு வயசு, தொண்ணூறு வரைக்கும் இருக்கணும்னா என்னென்ன குடுக்கணும்? இதயத்துக்கு எது, எலும்புக்கு எது, ரத்தத்துக்கு எது, ஒண்ணு விடாம எழுது. மாத்திரை, ஊசி ஏதாவது போடணும்னாலும் எழுது, பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போறேன். நீ ஆசைப்பட்டதும் இதுதானே, இப்பச் சந்தோஷமா எழுது.

உன் தொண்டையைப் பாத்துக்க. நான் கோழி அடிக்கப் போறேன். உள்ளேர்ந்து வேண்டாம் வேண்டாம்னு கூப்பிட்டுட்டு இருக்கான். குரல்ல நல்ல தெம்பு வந்திருக்கு.

உன் அக்கா
வெரோனிகா